எரிய வேண்டிய விளக்கு

பழைய உழவு இயந்திரம் ஒன்றை வைத்திருப்பவனுக்கு அதிகாலையில் இரண்டு கவலைகள் உண்டு. வண்டி புறப்படுமா என்பது ஒன்று. புறப்படாவிட்டால் தள்ளுவதற்கு யாரை அழைப்பது என்பது மற்றொன்று. நமது வீட்டில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் இவ்விரு கவலைகளும் கோழி கூவுமுன்னரே எழுந்துவிடும். அவை எவ்வாறு வந்தன, எவ்வாறு நீங்கின என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். இயந்திரங்களில் நாட்டமில்லாத வாசகர்களும் சற்றுப் பொறுமையுடன் படிப்பார்களாக. இது டிராக்டரைப் பற்றிய கதைதான்; எனினும் வீட்டிலுள்ள பெரியவர்களைப் பற்றியதும் ஆகும்.

நமது வீடு மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குச் செல்லும் வழியில், ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. மேலே தேயிலை, நடுவே மிளகும் கொக்கோவும், கீழே ஓடையை அடுத்துச் சிறிது வயல். 1987ஆம் ஆண்டில் தோட்டமொன்றில் கழித்துவிட்ட வாகனங்களை ஏலத்தில் விற்றார்கள். தந்தையார் தமது சேமிப்பு முழுவதையும், அது போதாமல் தாயாரின் சங்கிலியையும் கொடுத்து ஒரு மஸி பெர்குசன் 35 டிராக்டரை வாங்கி வந்தார். இங்கிலாந்தில் கொவென்றி நகரில் செய்யப்பட்ட வண்டி அது. மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் அவ்வகை வண்டிகளில் இடம் பெற்றது 1959இன் பிற்பகுதியில். 1964இன் முடிவில் 135 என்னும் புதிய வகை வந்து, 35க்கு ஓய்வு கொடுத்தது. ஆகவே நமது வண்டி இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் எப்பொழுதோ பிறந்ததாதல் வேண்டும்.

அது உழுதது, செங்கல்லும் மணலும் விறகும் இழுத்தது, அயலவர் வீட்டு மிளகு மூட்டைகளைக் கடைக்குக் கொண்டு சேர்த்தது. நம்மையும் நமது தங்கையையும் படிக்க வைத்தது அந்த வண்டியே என்று கூறினால் அது மிகையாகாது.

பழைய வண்டிகளில் பட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் பொறுப்பு டைனமோவினுடையது. காந்தத்தினிடையே செம்பைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே காட்டினார். ஆனால் அந்தக் காந்தத்துக்கு எங்கே போவது? இரும்பில் எஞ்சி நிற்கும் சிறிதளவு காந்தமே ஆரம்பத்துக்குப் போதும். அதனாற் பிறக்கும் சொற்ப மின்சாரத்தை அதே இரும்பைச் சுற்றிய கம்பியில் ஓடவிட்டால் காந்தம் பெருகும். காந்தம் பெருக மின்சாரம் பெருகும். சீமென்ஸ், வீற்ஸ்டன் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட இவ்வுண்மை 1867 பெப்ரவரியில் இலண்டன் ரோயல் சொசைட்டியின் ஒரே கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே டைனமோ தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் பிராணி. பிறர் வந்து தட்டியெழுப்பத் தேவையில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னர் பயன்படும்.

தந்தையார் இந்தத் தத்துவத்தைப் புத்தகத்திற் படித்தவரல்லர். ஆனால் டைனமோவின் முனகலைக் கொண்டே அதன் உடல்நிலையைக் கூறுவார். கரிப் பிரஷ் தேய்ந்தால் தாமே மாற்றுவார். அம்பியர் காட்டும் முள் எந்தக் காலத்திலோ உறங்கிவிட்டது. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதேயில்லை. காது இருக்கும்போது முள் எதற்கு?

காலத்துக்கு முன் எந்த டைனமோதான் நிற்கும்! 2023இல் அதன் உட்சுருள் கருகியது. உதிரிப்பாகம் தேடினோம்; கிடைத்தவையும் நம்முடையதைப் போலவே களைத்தவை. புதிய டிராக்டர் வாங்குவது கனவிலும் ஆகாத காரியம். முந்திய ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அடிபட்டுக் கிடந்தது நமது குடும்பமும். எனவே, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்று, சிறிய யப்பானியக் காரொன்றிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். நகரில் ஒரு திருத்தகத்தில் அதனைப் பொருத்தினார்கள். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றிற்போல நமது வண்டியிலும் பட்டரியின் நேர்முனையே உடம்போடு பிணைக்கப்பட்டிருந்தது; அதனை மாற்றி எதிர்முனையைப் பிணைத்தார்கள். டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிக் கையிற் கொடுத்தார்கள். புதிய சாவியும், அதன் அருகே சிறிய சிவப்பு விளக்கொன்றும் வைத்தார்கள். பழைய டைனமோ 20 அம்பியரைச் சற்றே தாண்டும். இதுவோ அதனினும் அதிகம் தரும் என்றார்கள். நமக்குப் பெருமை தாங்கவில்லை. தந்தையாரிடம், "இனிக் கவலையில்லை அப்பா, புதுச் சாமான்" என்று சொல்லிவிட்டு அலுவலகம் போய்விட்டோம். அவரிடம் நாம் சொன்னது அவ்வளவுதான்.

நான்கு மாதங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாயிற்று. பட்டரியைக் கடையிற் கொடுத்து மின்னேற்றி வந்தோம். ஒரு வாரம் சென்றது, மறுபடியும் "டக்". பட்டரி செத்துவிட்டது என்றார் ஒருவர். புதியது வாங்கினோம். அதுவும் அவ்வாறே ஆயிற்று. ஆல்டர்னேட்டர் பழுது என்றார் மற்றொருவர். பஞ்சிகாவத்தைக்கு மீண்டும் ஒரு பயணம், மீண்டும் செலவு. அதன் பின்னரும் அதே "டக்".

இதில் வியப்பு யாதெனில், சில நாட்களில் வண்டி ஒரு குறையுமின்றிப் புறப்படும். நோய் வருவதும் போவதுமாக இருந்தது. மழைக்காலத்து ஈரம் என்றார் தந்தையார். நாமும் அதனை நம்பினோம். நம்புவது செலவற்ற காரியமன்றோ!

டீசல் எஞ்சினுக்கு ஒரு குணமுண்டு. ஒருமுறை புறப்பட்டுவிட்டால், ஓடுவதற்கு மின்சாரம் அதற்கு வேண்டியதேயில்லை. அழுத்தத்தின் வெப்பத்திலேயே எண்ணெய் எரியும். ஆதலால் மலைநாட்டில் பட்டரி கெட்ட வண்டிக்காரர் அனைவரும் அறிந்த வைத்தியம் ஒன்று இருக்கிறது. மாலையில் வண்டியைச் சரிவில் நிறுத்துவது. சில்லுக்குக் கல் வைப்பது. காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரிற் போட்டுப் புறப்படுவது. தந்தையாரும் அவ்வாறே செய்யலானார். முற்றத்தின் மேற்புறத்தில் வண்டி நிற்கும். மாதங்கள் பல சென்றன. பழுதைத் திருத்தவேண்டும் என்ற எண்ணமே நமக்கு மறந்துபோயிற்று. சரிவு இருக்கும்வரை பழுது தெரியாது.

மறு தை மாதத்தில் ஒரு விடியற்காலை. மூன்று நாட்களாக அடைமழை. தந்தையார் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஈர மண்ணில் கல் அமிழ்ந்து நழுவியிருக்க வேண்டும். வண்டி ஆளில்லாமலே உருண்டு வந்து, முற்றத்தைக் கடந்து, தண்ணீர்க் குழாயின் சிமெந்துத் தூணை முறித்துக்கொண்டு, பலாமரத்தில் மோதி நின்றது. நமது மகள் பள்ளிக்குப் புறப்படுமுன் அந்தக் குழாயடியிலேதான் பல் துலக்குவாள். அன்று தலையில் போர்த்தத் துண்டொன்றை எடுப்பதற்காக உள்ளே திரும்பியிருந்தாள். அவள் வைத்துவிட்டுப் போன குவளையைச் சப்பையாக எடுத்தோம்.

எவரும் பேசவில்லை. தாயார் அந்தக் குவளையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "ஒன்று இதைச் சரியாகத் திருத்துங்கள், இல்லாவிட்டால் இன்றைக்கே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள். என் சங்கிலியை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்" என்றார். தந்தையார் பலாமரத்தடியில் போய் அமர்ந்துகொண்டார். அந்த வண்டியை நிறுத்தியவர் அவர்; கல்லை வைத்தவரும் அவரே. அவருடைய கைகள் நடுங்கியதை நாம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அன்று மாலையே மாத்தளைக்குச் சென்று, வாகன மின்வேலையில் தேர்ந்த ஒருவரை அழைத்து வந்தோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை 'நானா' என்றே அழைப்பார்கள். நானா பையைத் திறக்கவில்லை. வண்டியையும் தொடவில்லை. திண்ணையில் அமர்ந்து தேநீரை வாங்கிக்கொண்டு, "எந்த நாளில் இது தானாக ஸ்டார்ட் ஆகிறது, தம்பி?" என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை. தந்தையாரும் யோசித்தார். உள்ளிருந்து தாயாரின் குரல் வந்தது: "உழவுக்குப் போய் வந்தால் மறுநாள் நன்றாகப் புறப்படும். கடைக்குச் சாமான் ஏற்றிப்போன மறுநாள்தான் தகராறு." இரண்டு பட்டரிகளும் இரண்டு ஆல்டர்னேட்டர்களும் வாங்கியபோது ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நானா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். "அம்மா பாதி வேலையை முடித்துவிட்டார்" என்றார்.

முதலில் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினார், அரை அங்குலம் அளவே அமிழ்ந்தது, அது சரி. பிறகு மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடாதபோது, வயிறு நிறைந்த பட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும், நம்முடையது 12.1. வண்டியை உருட்டிப் புறப்படச்செய்தோம். ஆல்டர்னேட்டர் வேலை செய்தால் மீட்டர் 13.8க்கும் 14.4க்கும் இடையில் ஏறி நிற்கவேண்டும். அதுவோ 12.1ஐ விட்டு அசையவில்லை. "பட்டரிக்குச் சோறே போகவில்லை. பிறகு அது சாகாமல் என்ன செய்யும்?" என்றார். பட்டினியாக நெடுநாள் விட்ட பட்டரியின் தகடுகளில் ஈய உப்பு இறுகிப்போகும். அதன்பின் அது எழாது. ஆகவே பட்டரி செத்தது உண்மையே. ஆனால் அது நோயன்று, நோயின் விளைவு. நாம் விளைவுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்து நானா தமது பையிலிருந்து சிறு மின்குமிழொன்றை எடுத்தார். அதன் இரு பக்கமும் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு கம்பியைப் பட்டரியின் நேர்முனையில் வைத்தார். மற்றதை ஆல்டர்னேட்டரின் பின்புறமிருந்த சிறிய முனையில் மெதுவாகத் தொட்டார். குமிழ் பளிச்சென்று ஒருகணம் எரிந்தது, உடனே அணைந்தது. எஞ்சினின் ஓசை, திடீரென்று பாரம் ஏறியதுபோல, சற்றே தாழ்ந்தது. மீட்டர் 14.1க்குத் தாவியது.

நாம் வாய் திறந்து நின்றோம். நானாவோ கருவிப் பலகையின் அடியில் கையை விட்டுத் துழாவினார். சிவப்புக் கண்ணாடியின் பின்னால் விளக்கின் கூடு மட்டுமே இருந்தது. உள்ளே குமிழ் இல்லை.

"இதில் இருந்த பல்ப் எங்கே?"

தந்தையார் எழுந்து வீட்டினுள்ளே போனார். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய புகையிலை டின்னைத் திறந்து, காகிதத்தில் பொதிந்த ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். அந்தக் குமிழேதான், ஒரு கீறலும் இல்லை.

"அது சும்மா எரிந்துகொண்டிருந்தது, நானா. ஒருநாள் சாவியைத் திருப்ப மறந்துவிட்டேன். காலையிற் பார்த்தால் விடியவிடிய எரிந்திருக்கிறது. பட்டரியைத் தின்கிறதே என்று கழற்றி வைத்தேன்."

அவர் கூறியதில் பிழையேதும் இல்லை. டீசல் வண்டியை நிறுத்துவது சாவியன்று; எண்ணெயை மறிக்கும் இழுகம்பியே. ஆதலால் எஞ்சினை நிறுத்திய பிறகும் சாவியைத் திருப்ப மறப்பது எளிது. மறந்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். இதனைவிட முக்கியமானது மற்றொன்று. டைனமோ இருந்த காலத்தில் அந்தப் பலகையில் இருந்த விளக்கு அணைந்துபோய், பதினொரு ஆண்டுகள் குமிழின்றியே வண்டி ஓடியது. ஒரு தீங்கும் வரவில்லை. டைனமோவுக்கு அந்த விளக்கு வெறும் செய்தி சொல்பவன். செய்தி சொல்பவன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். தந்தையாரின் அறிவு அந்தப் பழைய இயந்திரத்தைப் பொறுத்தவரையில் நூற்றுக்கு நூறு சரியானது.

ஆல்டர்னேட்டரின் முறை வேறு. உள்ளே சுழல்வது காந்தம். மின்சாரம் பிறப்பது அதனைச் சுற்றி அசையாதிருக்கும் கம்பிச் சுருளில். பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாதலால், அதனை ஒரு திசைப்படுத்தி அனுப்ப டயோடுகள் எனப்படும் வாயிற்காவலர் இருக்கிறார்கள். இக்காவலர் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே கார்களில் ஆல்டர்னேட்டர் பரவியது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டுக்குரிய வலியன்ட் காரில் அதனை வைத்தது. காவலர்கள் கண்டிப்பானவர்கள். ஏறக்குறைய அரை வோல்ட்டுக்குக் குறைந்த எதனையும் அவர்கள் கடக்கவிடுவதில்லை. இரும்பில் எஞ்சிய காந்தம் எழுப்பும் சொற்ப மின்சாரம் அந்த வாயிலிலேயே நின்றுவிடுகிறது. எனவே முதன்முதலாக ஆல்டர்னேட்டரைத் தட்டியெழுப்ப, வெளியிலிருந்து சிறிது மின்சாரம் செல்லவேண்டும். அது செல்லும் வழி, சிவப்பு விளக்கின் மெல்லிய இழையேயன்றி வேறில்லை. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டதும் இருபக்கமும் வோல்ட் சமமாகிறது. விளக்குத் தானே அணைகிறது. அது செய்தி மட்டும் சொல்லவில்லை; கைப்பிடித்துத் தொடக்கியும் வைக்கிறது.

உழவு நாட்களின் மர்மமும் இப்பொழுது விளங்கியது. உழும்போது எஞ்சின் முழு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் எஞ்சிய காந்தமே வாயிலைத் தள்ளித் திறக்கப் போதுமானதாயிற்று, பட்டரி நிறைந்தது. கடைக்குப் போகும்போது தந்தையார் நிதானமாக ஓட்டுபவர். ஆல்டர்னேட்டர் உறங்கிக்கொண்டே போய் உறங்கிக்கொண்டே திரும்பியது.

விளக்கு எரியவில்லை என்பதை நாமும் பலமுறை பார்த்தோம். எச்சரிக்கை விளக்கு எரியாததால் எல்லாம் நலமே என்று எண்ணினோம். ஓடும்போது அது எரியக்கூடாது என்பது மெய்தான். ஆனால் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் புறப்படுமுன், அது எரிந்தே ஆகவேண்டும். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, எரியக்கூடாத நேரத்தில் எரியும் விளக்கைவிட ஆபத்தானது. ஏனெனில் அது நம்மை உறங்கவைக்கிறது.

நானா குமிழைத் துடைத்து அதன் கூட்டில் வைத்தார். பின்னர் முன்விளக்குகளை எரியவிட்டு, ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தார். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது, 0.5 இருந்தது. தாங்கியின் அடியில் பெயின்ட்டும் துருவும். அவற்றைச் சுரண்டி இறுக்கியதும் 0.1 ஆயிற்று. புறப்படுமுன் மூன்று எச்சரிக்கைகள் கூறினார். எஞ்சின் ஓடும்போது பட்டரியின் கம்பியைக் கழற்றிச் "சோதனை" செய்யக்கூடாது. டைனமோ அதனைப் பொறுத்தாலும் டயோடு பொறுக்காது. பட்டரியை மாற்றி வைக்கும்போது முனைகள் மாறிவிடக்கூடாது. வண்டியிலோ பெட்டியிலோ மின்சாரத்தால் வெல்டிங் செய்யுமுன் ஆல்டர்னேட்டரின் கம்பிகளைக் கழற்றவேண்டும்.

தந்தையார் தலை குனிந்து நின்றிருந்தார். "என்னால்தானே இவ்வளவும்" என்றார். நானா அவர் பக்கம் திரும்பி, "இல்லை ஐயா. புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் அவர் என்ன சாப்பிடுவார், என்ன சாப்பிடமாட்டார் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் நம்மைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகளாக ஒருவர் காதாலும் கையாலும் அறிந்திருந்த வண்டியை, ஒரு பிற்பகலில் அவருக்கு அந்நியமாக்கிவிட்டோம். புதுச் சாமான் என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடித்துக்கொண்டோம். பொருத்துவதற்குப் பணம் கொடுத்தோம். விளக்கிச் சொல்வதற்குக் கால் மணி நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தின் விலையாக நமது மகளையே கொடுத்திருப்போம். இன்று வீடுகளில் முதியோருக்கென்று எத்தனையோ மாற்றங்களைச் செய்கிறோம். அடுப்பை மாற்றுகிறோம், தொலைபேசியை மாற்றுகிறோம், மருந்துப் பெட்டியை மாற்றுகிறோம். அவர்கள் தவறிவிட்டால் வயதாகிவிட்டது என்கிறோம். அவர்கள் கைவிடாத பழக்கம் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் சரியான அறிவாக இருந்தது என்பதையும், அதனைப் பிழையாக்கியவர்கள் நாமே என்பதையும் எண்ணுவதில்லை.

நானாவை வழியனுப்பித் திரும்பியபோது தந்தையார் வண்டியின் அருகிலேயே நின்றார். "தம்பி, இதிலே வேறு என்னென்ன மாற்றியிருக்கிறாய்?" என்று கேட்டார். கைவிளக்கை எடுத்து வந்து, கம்பி கம்பியாகக் காட்டினோம். நமக்கே தெரியாத இரண்டை அவர் கேட்டார். மறுநாள் நானாவிடம் விசாரித்துச் சொன்னோம். இரவுச் சோற்றுக்குத் தாயார் மூன்று முறை அழைக்கவேண்டியதாயிற்று.

வண்டி இப்பொழுது சமதரையில், குழாயடிக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. காலையில் தந்தையார் சாவியைத் திருப்புவார். உடனே புறப்படச் செய்யமாட்டார். பேத்தியை அழைத்து, "எரிகிறதா பார்" என்பார். "எரிகிறது தாத்தா" என்று அவள் கூறியபின் எஞ்சின் முழங்கும். "அணைந்ததா?" என்பார். "அணைந்தது" என்பாள். அதன் பிறகே சில்லின் அடியிலிருந்து கல்லை எடுப்பார். சமதரையில் கல் எதற்கு என்று நாம் கேட்கவில்லை.